தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று வரிசை க்ராஸ்ஓவர்: 60,000 கிலோமீட்டருக்குப் பிறகு தெரியும் விஷயங்கள்

கல்லணையில் கிளம்பிப் பூம்புகார் வரை ஓட்டினாலும் வழியில் மலை என்று எதுவும் வராது. ஆற்றுப் பாலத்தின் ஏற்றமும் ரயில்வே மேம்பாலமும்தான் இங்கே மேடு. அதனால் மூன்று வரிசை சீட் வைத்த க்ராஸ்ஓவர் வண்டி வாங்கப் போகிறவர் என்ஜின் குதிரைத்திறன் 185ஆ, 115ஆ என்று ராத்தூக்கம் கெட்டு யூடியூப் பார்க்க வேண்டியதில்லை. ஏழு பேர் ஏறினாலும் இந்தச் சமவெளிக்கு 115 போதும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் மட்டும், ஆள் நிறைந்திருக்கும்போது லாரியை முந்த ஒரு கியர் இறக்கியாக வேண்டும், அவ்வளவுதான். காசையும் கவனத்தையும் போட வேண்டிய இடங்கள் வேறு: வண்டியின் அகலம், மூன்றாம் வரிசைக்குப் போய்ச் சேரும் ஏசி, ஏறும் படியின் உயரம்.

அகலத்தை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. மாருதி எர்டிகா 1,735 மிமீ, கியா கேரன்ஸ் 1,800, டொயோட்டா இன்னோவா ஹைக்ராஸ் 1,850, மஹிந்திரா எக்ஸ்யூவி700 1,890, இப்போதைய டாடா சஃபாரி 1,922. காகிதத்தில் இந்த ஒரு சாண் வித்தியாசம் ஒன்றுமில்லை. கும்பகோணத்துச் சந்துகளிலும் வாய்க்கால் கரைச் சாலைகளிலும் அதுதான் எல்லாம். கரைச் சாலையில் எதிரே டவுன் பஸ் வந்தால் இடது சக்கரம் தார் விளிம்பை விட்டு மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். சித்திரையில் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அந்த மண் களியாகிவிடும். ஏழு பேர் பாரத்தோடு இறங்கிய சக்கரம் தானாக மேலே வராது, டிராக்டர்தான் வர வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் இருந்தாலும் சாதாரண ரோட்டு டயரோடு இந்தக் களிமண்ணில் பெரிதாக ஒன்றும் நடக்காது. மதகுக்கு முன்னால் சாலை சற்று அகலமாக இருக்கும் இடத்தில் நின்று, எதிர் வண்டியை விட்டுப் போவதுதான் வழி. அகலம் குறைந்த வண்டிக்கு இப்படி நிற்கிற தடவைகள் குறைவு.

குறுகலான வண்டியில் இழப்பும் உண்டு. இரண்டு காற்றுப்பை மட்டும் இருந்த எர்டிகாவுக்கு 2024ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 1 நட்சத்திரம்தான் கிடைத்தது. ஆறு காற்றுப்பைகள் எல்லா ரகத்துக்கும் வந்தது 2025ல். எக்ஸ்யூவி700 2021லும் சஃபாரி 2023லும் 5 நட்சத்திரம் வாங்கியவை. திருச்சி நாற்கரச் சாலையிலும் விக்கிரவாண்டி சாலையிலும் வாரம் தவறாமல் போகிற வீடு என்றால் அகலத்தைப் பொறுத்துக்கொண்டு நட்சத்திரத்தைப் பார்ப்பதே சரி. வயல், கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் சுற்றுகிற வீட்டுக்கு 1,800 மிமீக்கு மேல் தொல்லைதான்.

ஷோரூமில் இரண்டாம் வரிசையை முழுக்க முன்னே தள்ளிவிட்டு, "பாருங்க சார், பின்னாடி எவ்வளவு இடம்" என்பார்கள். அதை நம்ப வேண்டாம். வண்டி ஓட்டப்போகிறவர் முதலில் உட்கார்ந்து தன் சீட்டைச் சரி செய்யட்டும். அவருக்குப் பின்னால் வீட்டிலேயே உயரமானவர் முழங்காலுக்கு முன் நாலு விரல் இடம் விட்டு உட்காரட்டும். அந்த நிலையில் இரண்டாம் வரிசையைப் பூட்டிய பிறகு மூன்றாம் வரிசையில் ஏறிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் போதாது, 20 நிமிஷம் உட்கார வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் பின் தரை உயரமாக இருப்பதால் முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும்; தொடை சீட்டில் படாது, பாரம் முழுக்க இடுப்புக்குப் போகும். ஐந்தரை அடிக்கு மேல் இருப்பவருக்கு வேளாங்கண்ணி போய்ச் சேர்வதற்குள் வலி வந்துவிடும். பயணத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளையை அங்கே உட்கார வைக்கவே கூடாது. பின் அச்சுக்கு மேலோ பின்னாலோ உட்காருவதால் குலுக்கல் அதிகம், பக்கக் கண்ணாடியும் திறக்காது.

பாட்டியையும் ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். புடவையோடு, யாரும் கைகொடுக்காமல் ஏறட்டும். தரையிலிருந்து கதவடி விளிம்பு வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 45 செமீக்குள் இருந்தால் எழுபது வயதுக்காரர் சமாளிப்பார். அதற்கு மேல் போனால் பக்கவாட்டில் படி பொருத்தச் சொல்வார்கள். அந்தப் படி ஊருக்குள் இருக்கும் பெயின்ட் அடிக்காத வேகத்தடைகளில் உரசும், மழைக்காலத்தில் சேற்றையெல்லாம் புடவைக் கரைக்கு மாற்றும். நவக்கிரகக் கோயில்களைச் சுற்றும் நாளில் ஒன்பது இடத்தில் ஏறி இறங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் வரிசையில் தனித்தனியாக இரண்டு சீட் (கேப்டன் சீட்) வைத்த ஆறு பேர் வண்டியா, ஒரே நீள பெஞ்ச் வைத்த ஏழு பேர் வண்டியா? குழந்தை சீட் மாட்டுகிற வீட்டுக்குக் கேப்டன் சீட். குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இரண்டாம் வரிசையில் இருக்கும். அங்கே குழந்தை சீட்டைப் பூட்டிவிட்டால் அந்த சீட்டை மடித்துப் பின்னால் போக முடியாது. கேப்டன் சீட் என்றால் நடுச்சந்து வழியாகப் போய்விடலாம்.

டிக்கி விஷயத்தில் எல்லோரும் ஏமாறுவார்கள். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது கேரன்ஸில் 216 லிட்டர், எர்டிகாவில் 209. அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு, மேலே ஒரு தோள்பை. சீர்வரிசைத் தட்டும் குத்துவிளக்கும் ஏற்ற வேண்டுமென்றால் மூன்றாம் வரிசையில் பாதியை மடித்து ஆறு பேரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எடைக் கணக்கும் உண்டு: ஆளுக்கு 65 கிலோ என்றால் ஏழு பேர் 455 கிலோ. கையேட்டில் மொத்த அனுமதி எடையிலிருந்து காலி வண்டி எடையைக் கழித்துப் பாருங்கள், பல வண்டிகளில் சாமானுக்கு மிஞ்சுவது சொற்பம். அதற்கு மேல் வாழைத்தாரை ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்து, முன் விளக்கு எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும். டேஷ்போர்டில் இருக்கும் விளக்கு மட்டச் சக்கரத்தை இறக்கி வைக்க மறக்கக் கூடாது. கதவு ஓரத்து ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்குத் தனிக் காற்றளவு எழுதியிருக்கும்; டயர் கடையில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு பிடிப்பார்கள், ஸ்டிக்கரைக் காட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கத்திரி வெயிலில் ஏசிதான் வீட்டுச் சண்டையைத் தீர்மானிக்கிறது. பின்வரிசைக்குக் காற்று மட்டும் தள்ளும் வண்டியும் உண்டு, தனி குளிர்கலன் வைத்த வண்டியும் உண்டு. விற்பவரிடம் இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் எல்லாக் கண்ணாடியையும் இறக்கி இரண்டு நிமிஷம் ஓட்டி, பிறகு மூடி, உள்காற்றுச் சுழற்சியில் வைத்தால் பின்வரிசை சீக்கிரம் குளிரும். அறுவடைக் காலத்தில் குளிர் திடீரென்று குறைந்தால் உடனே கேஸ் நிரப்பப் போக வேண்டாம். கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏசி வடிகட்டியை உருவிப் பாருங்கள். நெல் சுணையும் உமித்தூசியும் அப்பி அது கம்பளி போல இருக்கும். தை, மாசி முடிந்ததும் அதை மாற்றிவிடுவது நல்லது. கிரில்லுக்குப் பின்னால், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் தகடுகளிலும் இதே சுணைதான். வேகம் இல்லாத தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கி நிரந்தரக் கோளாறாகிவிடும்.

டீசலா பெட்ரோலா என்பதைத் தினசரி ஓட்டத்தின் நீளம் சொல்லும். பிஎஸ்6 என்ற புகை விதிக்கு உட்பட்ட டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எரிக்க அதற்கு 600 டிகிரி அளவில் சூடு வேண்டும். பள்ளிக்கூடம், மார்க்கெட், வீடு என்று நாலு நாலு கிலோமீட்டராக ஓட்டினால் அந்தச் சூடு வராது. எரிப்பு பாதியில் நிற்கும்போதெல்லாம் கொஞ்சம் டீசல் என்ஜின் ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் காரணம் இதுதான், ஆயிலை மாற்றியாக வேண்டும். டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் வண்டியை நிறுத்தாமல் தஞ்சாவூர் புறவழிச்சாலைக்குப் போய் 60க்குக் குறையாத வேகத்தில் 20 நிமிஷம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இப்படி வாரம் ஒரு நெடும்பயணம் இல்லாத வீட்டுக்கு டீசல் வேண்டாம்.

புகையைச் சுத்தப்படுத்த ஆட்ப்ளூ என்ற கரைசல் ஊற்றும் டீசல் வண்டி என்றால் இந்த ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை. அது 32.5 சதவீத யூரியாக் கரைசல் என்று தெரிந்ததும், வயலுக்கு வாங்கிய மூட்டையிலிருந்து ஒரு படி கரைத்து ஊற்றினால் என்ன என்று யாராவது கேட்பார்கள். உர யூரியாவில் இருக்கும் பையூரெட்டும் மற்ற அழுக்கும் தெளிப்பானை அடைத்து வினையூக்கியைக் கெடுத்துவிடும். மிச்சம் சில நூறு, செலவு பல ஆயிரம். கரைசல் முழுக்கத் தீர்ந்தால் அணைத்த என்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எச்சரிக்கை வந்ததும் ஊற்றிவிட வேண்டும். சிஎன்ஜி மலிவுதான், ஆனால் சிலிண்டர் டிக்கியைத் தின்றுவிடும். ஏழு பேர் உட்கார்ந்தால் பை மடியில்தான்.

குறுவை அறுவடை மழையோடு மோதும். சம்பா தையில் வரும். இரண்டு முறையும் சாலையில் நெல்லும் வைக்கோலும் கிடக்கும். வைக்கோல் மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, முன் சக்கர டிரைவ் வண்டியின் ஆக்ஸிலில் அது கயிறு போலச் சுற்றிக்கொண்டு, ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) அறுக்கும் என்பது. பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது கடக் கடக் என்று சத்தம் வரும். அப்போது பூட் மட்டும் மாற்றினால் போதாது, ஜாயின்ட்டும் போயிருக்கும். இதைவிட ஆபத்து, வைக்கோல் மேல் வண்டியை நிறுத்துவது. கரி எரித்து முடித்த சூட்டோடு இருக்கும் புகைக்குழாயில் காய்ந்த தாள் பட்டால் தீப்பிடிக்கும். களத்தைத் தாண்டியதும் வெறுந்தரையில் நிறுத்தி, குனிந்து அடியில் பார்த்து, தொங்குவதை உருவிப் போட்டுவிட்டுப் போங்கள்.

அறுவடை முடிந்த வயலில் தீனி இல்லாமல் எலி வீட்டுப் பக்கம் வரும். சூடான என்ஜின் அறை அதற்கு நல்ல குளிர்கால வீடு. வைக்கோல் போர் பக்கத்தில் வண்டியை விடாதீர்கள். ராத்திரி பானெட்டைத் தூக்கி வைத்து ஒரு பல்பு போட்டால் பெரும்பாலும் அண்டாது. புகையிலைக் காம்பைத் துணியில் கட்டிப் போடுகிறவர்கள் உண்டு, வாசனை இருக்கிற வரைக்கும் பலன். வெளிக்காற்று நுழையும் வாயில் மெல்லிய கம்பிவலை அடித்துவிட்டால் ஏசி பெட்டிக்குள் கூடு கட்டாது.

கண்ணாடிக்கூரை வாங்கியவர்கள் வேப்பமரத்தடியிலும் புங்கமரத்தடியிலும் நிறுத்தினால், உதிர்ந்த பூ கூரை ஓரத்து வடிகால் குழாயை அடைக்கும். ஐப்பசி முதல் மழையில் முன் தூண் ஓரமாகத் தண்ணீர் சொட்டும்போது எல்லோரும் ரப்பரைக் குறை சொல்வார்கள். கூரையைத் திறந்து மூலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். முன் சக்கரத்துப் பக்கம் வடிந்தால் ரப்பரைப் பார்க்கலாம், வடியாவிட்டால் அடைப்புதான்.

தேங்கிய தண்ணீர் சக்கர நடுவுக்கு மேல் இருந்தால் இறங்க வேண்டாம். உள்ளே அணைந்துவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் நுழைந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். சாதாரண முழுக் காப்பீடு இதைத் தராது, என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று போதாதென்று போர் தண்ணீரும் உப்பு. அதில் வண்டியைக் கழுவி வெயிலில் காயவிட்டால் பெயின்டில் வெள்ளைப் புள்ளி விழும். ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே காரை படியும். கூலன்ட் குறைந்தால் கலந்த கூலன்ட் மட்டும்.

50,000 கிலோமீட்டரை ஒட்டி முன்பக்கம் சின்னக் குழியில் டொக் டொக் என்று கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க், பிறகு கீழ் ஆர்ம் புஷ், கடைசியில்தான் ஷாக் அப்சார்பர். வரிசையை மாற்றி நாலு ஷாக்கையும் எழுதிக்கொடுக்கும் பணிமனையில் பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

விலையில், 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் வண்டிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 4 மீட்டருக்குள் அடங்கும் ரெனோ ட்ரைபர் 18 சதவீதத்தில் வருகிறது. தமிழ்நாட்டு ஆயுள் வரி 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20. பட்ஜெட் 20 லட்சத்தை ஒட்டி நின்றால் ஒரு ரகம் கீழே இறங்குவது கணிசமான மிச்சம். காரைக்காலில் டீசலும் பெட்ரோலும் மலிவு என்பதால் திருநள்ளாறு போகிற வண்டி டேங்க் நிரப்பித் திரும்பும், அது சரி. முகவரி இல்லாமல் அங்கே பதிவும் செய்தால் பின்னால் இங்கேயும் வரி கட்ட நேரும்.

டெலிவரி எடுத்த அன்றைக்கே ஸ்டெப்னியை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பல மாடல்களில் அது வண்டிக்கு அடியில் தொங்குகிறது. இறக்கும் போல்ட் டிக்கித் தரையில் இருக்கும். இரண்டு மழைக்காலச் சேறு பட்டால் துரு ஏறி நகராது. ஒவ்வொரு சர்வீஸிலும் அதில் கிரீஸ் தடவச் சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள்.