புத்ராஜெயா அஞ்சலட்டைகள்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவின் நினைவுப்பொருள் கடைகளில் தொங்கும் பட அஞ்சலட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கோளாறுதான்: நிறம். புத்ரா பள்ளிவாசலின் குவிமாடம் ரோஜா நிறக் கருங்கல். நேரில் அது வெயிலுக்கு வெயில் மாறும், சாம்பல் கலந்த வெளிர்சிவப்பு. அட்டையிலோ பஞ்சுமிட்டாய் ஆகிவிடுகிறது. கணினித் திரையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று நிறத்தை ஏற்றி, அதையே நான்கு மை அச்சுக்கு அனுப்புவதால் வரும் வினை இது. வெளிர்சிவப்பை அச்சில் கொண்டுவருவது மெஜந்தா என்னும் ஊதா கலந்த சிவப்பு மையின் பொடிப்பொடிப் புள்ளிகள். அவை கொஞ்சம் பெருத்தாலும் குவிமாடத்தில் ஓடும் கோலங்கள் அடைந்துபோகும். அட்டையைக் கையில் எடுத்ததும் அந்தக் கோலம் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மற்ற படங்களையும் பொறுப்பாகத்தான் அச்சடித்திருப்பார்கள். பிரதமர் அலுவலகமான பெர்டானா புத்ராவின் பச்சைக் குவிமாடத்துக்கும் இதே சோதனை செல்லும். பிளாஸ்டிக் பச்சை என்றால் வைத்துவிடலாம்.

சுழலும் கம்பித் தாங்கியின் முன்வரிசையிலிருந்து எடுக்க வேண்டாம். வெயில் பட்டால் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். அதனால் பழைய முன்வரிசை அட்டையில் ரோஜா நிறப் பள்ளிவாசல் நீலம்பாரித்து நிற்கும். அதே அட்டையைப் பின்னாலிருந்து ஒன்று உருவி ஒப்பிட்டால் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்.

துவாங்கு மிசான் சைனல் அபிடின் பள்ளிவாசலில் சிக்கல் வேறு. ‘இரும்புப் பள்ளி’ என்று எல்லாரும் சொல்லும் அந்தக் கட்டடத்தைச் சுற்றிலும் எஃகு வலை. வலையின் கண்ணியும் அச்சின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதினால், கட்டடத்தில் இல்லாத அலையலையான கோடுகள் படத்தில் தோன்றும். சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் உடனே கண்ணில் படும். நெருங்கி எடுத்த படங்களில் வலை பெரிதாக விழுவதால் இந்தத் தொல்லை குறைவு.

செரி வவாசான் பாலம் எப்போதும் நன்றாக விற்கும் படம். 240 மீட்டர் நீளம், 85 மீட்டர் உயரத்துக்குச் சாய்ந்து நிற்கும் தூண், அதிலிருந்து விசிறியாக இறங்கும் கம்பிகள். அந்தக் கம்பிகள் படிக்கட்டு மாதிரி உடைந்து தெரிந்தால், இணையத்துக்கென்று எடுத்த சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். 148 x 105 மில்லிமீட்டர் அட்டைக்கு ஏறக்குறைய 1750 x 1240 புள்ளிகளாவது வேண்டும். இரவுக் காட்சி அட்டைகளில் இன்னொரு தொந்தரவு: கறுப்பு மை விளிம்புவரை ஓடுவதால், அஞ்சலில் போகும்போது ஓரம் உரசி வெள்ளைக் கோடு விழுந்துவிடும். சேகரிப்புக்கு இரவு, அனுப்புவதற்குப் பகல்.

அனைத்துலக மாநாட்டு மையத்தைத் தரையிலிருந்து எடுத்த அட்டையை வாங்கிப் பயனில்லை. மலாய் அரச உடையின் வெள்ளி இடைக்கச்சைப் பூட்டான ‘பெண்டிங் பேராக்’ வடிவில் அமைந்த கட்டடம் அது. மேலிருந்து பார்த்தால்தான் வடிவம் பிடிபடும். ஒரே அட்டையில் ஆறு கட்டடங்களை அடைத்த கலவை அட்டைகளைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இனி அட்டையைத் திருப்புங்கள். பின்பக்கமும் பளபளத்தால் பேனா மை காயாது, அஞ்சல் முத்திரையும் இழுபட்டுப்போகும். பூச்சில்லாத, விரலுக்குச் சற்றுச் சொரசொரப்பான பின்பக்கமே எழுத ஏற்றது. பளபளப்பான பின்பக்கம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதென்றால் மெல்லிய நிரந்தர மார்க்கரால் எழுதி ஐந்து நிமிடம் காயவிடுங்கள். கனம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) இருக்கட்டும். 250க்குக் கீழே போனால் பிரிப்பு இயந்திரத்தில் முனை மடங்கும்.

அளவிலும் பலர் ஏமாறுகிறார்கள். உலக அஞ்சல் ஒன்றிய விதிப்படி அஞ்சலட்டை என்றால் குறைந்தது 90 x 140, அதிகம் போனால் 120 x 235 மில்லிமீட்டர். நீளம் அகலத்தைப்போல் 1.4 மடங்காவது இருக்க வேண்டும். 6 x 4 அங்குலம் சரி. 7 x 5 அங்குல அட்டையின் அகலம் 127 மில்லிமீட்டர் என்பதால் கடிதக் கட்டணம் கேட்கலாம். சதுர அட்டைக்கும் அதே கதி. நகரின் 4.2 கிலோமீட்டர் நீளப் பெருவீதியைக் காட்டும் நீளவாக்கு அட்டைகள் விதிக்குள் அடங்கும், ஆனால் நடுவில் மடங்கிப்போகும். உறையில் போட்டு அனுப்புவதே நல்லது.

புத்ராஜெயா முத்திரை வேண்டும் என்றால் தெருப் பெட்டியில் போடாதீர்கள். பெட்டியில் விழுந்தது பிரிப்பு மையத்துக்குப் போய், அங்குள்ள முத்திரையோடு வெளிவரக்கூடும். அஞ்சல் நிலைய முகப்பில் கொடுத்து, கையால் முத்திரை குத்தச் சொல்லிக் கேளுங்கள். முகவரி வலப்பாதியில், அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் காலியாக. தமிழகத்துக்கோ இலங்கைக்கோ அனுப்பினாலும் நாட்டின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். செய்தி தமிழில் இருந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

தபால்தலை சேகரிப்பாளர்கள் போட்டிக்கு வைக்கும் ‘மேக்சிமம் அட்டை’ செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படமும் தபால்தலையும் முத்திரையும் ஒரே பொருளைச் சுட்ட வேண்டும், தபால்தலையைப் படப்பக்கத்தில் ஒட்ட வேண்டும். தபால்தலையின் படத்தையே பெரிதாக்கி அச்சடித்த அட்டை போட்டியில் எடுபடாது. படம் அட்டையின் முக்கால் பங்கையாவது நிறைக்க வேண்டும் என்பதால், அகலமான வெள்ளை ஓரம் வைத்து ‘அழகாக’ வடிவமைத்த அட்டைகள் இதற்கு உதவா.

பழைய அட்டைகளைத் தேடுவோர் படக்குறிப்பைப் படிக்க வேண்டும். புத்ராஜெயா சிலாங்கூர் மாநிலத்திலிருந்து பிரிந்து, மத்திய அரசின் நேரடி ஆட்சியிலுள்ள கூட்டரசுப் பிரதேசமானது 2001 பிப்ரவரி 1 அன்று. ‘புத்ராஜெயா, சிலாங்கூர்’ என்று அச்சடித்திருந்தால் அதற்கு முந்தைய அட்டையாக இருக்கலாம், அச்சடித்தவரின் அசட்டையாகவும் இருக்கலாம். படத்திலேயே விடை உண்டு: செரி வவாசான் பாலம் 2003இல்தான் வந்தது, ஆகவே ஏரிக்குக் குறுக்கே அது நின்றால் அட்டை புதியது. பாலமில்லாமல், பெர்டானா புத்ராவைச் சுற்றிச் செம்மண் தெரிந்தால், முனை மழுங்கியிருந்தாலும் வாங்கிவிடுங்கள்.