செவ்வாய்க்கிழமையில் ரோத்தாங் விற்கிறார்கள்

மணாலிக்குப் போகிறவர்கள் முதலில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் ரோத்தாங் கணவாய்க்குச் சுற்றுலா வண்டிகளை விடுவதில்லை. சாலைப் பராமரிப்புக்கென்று ஒதுக்கிய நாள் அது. இது தெரியாமல்தான் ஜூன் மாதம் 5,500 ரூபாயைத் தொலைத்தோம்.

விற்ற டிராவல்ஸ்காரருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. திங்கட்கிழமை மாலை, "காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் கணவாயைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம், பர்மிட் என் பொறுப்பு" என்றார். பர்மிட்டுக்கென்று தனியாக 550 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரசீதில் "ரோத்தாங், ஒரு நாள்" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பர்மிட்டையும் கண்ணில் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் ஒரு நாளைக்கு 800 பெட்ரோல் வண்டிகள், 400 டீசல் வண்டிகள் என்று கணக்கு வைத்துத்தான் மேலே விடுகிறார்கள். பர்மிட்டில் வண்டி எண்ணும் தேதியும் இருக்கும். முன்பணம் கொடுக்குமுன் அந்த இரண்டையும் உங்கள் கண்ணால் பாருங்கள்.

மறுநாள் காலை, ஊரைத் தாண்டியதும் ஓட்டுநர் கேட்காமலே ஒரு கடை முன்னால் நிறுத்தினார். பனிக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்கு விடும் கடை. ஆளுக்கு 300. என் அம்மாவுக்குக் கொடுத்த கோட்டின் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் 47 என்று எழுதியிருந்தது. ஜிப் பாதியில் நின்றுவிட்டது. உள்பக்கம் முந்தைய நாள் யாரோ வியர்த்த ஈரம். "கணவாயில் பனி முழங்கால்வரை இருக்கும்" என்று கடைக்காரர் கையால் அளவு வேறு காட்டினார்.

பல்சானில் சாலை இரண்டாகப் பிரிகிறது. கோத்தி, குலாபா, மர்ஹி என்று வளைந்து வளைந்து ஏறுவது ரோத்தாங் வழி. குலாபா சோதனைச் சாவடியில் பர்மிட்டைக் கேட்பார்கள். எங்கள் வண்டி திரும்பியதோ சோலாங் பக்கம். அது அடல் சுரங்கப்பாதைக்குப் போகும் சாலை என்பது எனக்கு அப்போது தெரியாது. 2020 அக்டோபரில் திறந்த, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம். அதில் போக பர்மிட்டே வேண்டாம். மலையைத் தாண்டிக் காட்டுகிறேன் என்று காசு வாங்கியவர், மலைக்குள் நுழைத்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். கொண்டையூசி வளைவுகள் இல்லை, பள்ளத்தாக்கு கீழே கீழே இறங்கிப் போகும் காட்சி இல்லை. மஞ்சள் விளக்குகளைத்தான் எண்ணிக்கொண்டு போனோம்.

சிஸ்ஸுவில் நிறுத்தி "இதுதான்" என்றார் ஓட்டுநர். சந்திரா ஆறு, எதிர்மலையிலிருந்து விழும் அருவி, பச்சை வயல்கள். ஊரைக் குறை சொல்ல மாட்டேன், அழகான ஊர். ஆனால் வெயில் சுள்ளென்று அடிக்க, பனிக்கோட்டும் பூட்ஸுமாக நாங்கள் நான்கு பேர் புல்லில் நின்றோம். அம்மா அண்ணாந்து தூரத்துச் சிகரத்தைப் பார்த்து, "பனி அங்கே இருக்கிறதே, எப்போது போவோம்?" என்று கேட்டார். மனைவியின் கைப்பேசி 3,100 மீட்டர் சொச்சம் காட்டியது. ரோத்தாங்கின் உயரம் 3,978 மீட்டர். அதைக் காட்டிக் கேட்ட பிறகுதான், "மேலே இன்று மூடியிருக்கிறது சார்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. முந்தைய நாள் மாலையே சொல்லியிருக்க வேண்டிய உண்மை, அவ்வளவுதான்.

திரும்பி வந்து கடையில் சண்டை போட்டேன். டிராவல்ஸ்காரர் அசரவில்லை. "ரோத்தாங் சுரங்கம் என்றுதானே சார் அதற்குப் பெயர்? ரசீதிலும் ரோத்தாங் என்றுதானே இருக்கிறது?" என்றார். 2019 டிசம்பரில் வாஜ்பாயி பெயரை வைக்கும்வரை அந்தச் சுரங்கத்துக்கு அதுதான் பெயர் என்பது உண்மையே. அதற்காகத்தான் ரசீதில் "கணவாய்" என்ற சொல்லே இல்லை போலிருக்கிறது. நீங்கள் போனால் "ரோத்தாங் கணவாய், குலாபா வழி" என்று வண்டி எண்ணோடு எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அரை மணி நேரம் கத்தியதில் பர்மிட்டுக்கு வாங்கிய 550 ரூபாய் மட்டும் திரும்பக் கிடைத்தது. மீதிக்கு, "நாளைக்கு வாருங்கள், பாதி விலையில் கணவாய்க்கே கூட்டிப் போகிறேன்" என்றார். அன்றிரவே எங்களுக்கு டெல்லி பஸ். அது அவருக்குத் தெரியும். டிக்கெட் போட்டுக் கொடுத்ததே அவர்தான்.