பாட்டிலின் முன்பக்கமும் பின்பக்கமும்: தலைமுடிப் பொருட்களோடு ஆறு ஆண்டுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் இரண்டு தண்ணீர் புழங்குகிறது. ஒன்று மெட்ரோ வாட்டர்; அது வரும் நேரத்தில் பிடித்து டிரம்மில் நிரப்பி வைத்துக்கொள்வோம். மற்றது போர் தண்ணீர்; மாடித் தொட்டியிலிருந்து எந்நேரமும் குளியலறைக் குழாயில் வரும், வாயில் பட்டால் கரிக்கும், பக்கெட்டின் உட்புறத்தில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படிவை விட்டுச் செல்லும். தலைமுடிக்கு எது நல்லது, எது ஆகாது என்று ஆறு ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதோடு குழாயில் என்ன வருகிறது என்பதையும், நம் தோல் எதை ஏற்கிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது மிகவும் தாமதமாகத்தான் புரிந்தது. அந்தத் தாமதத்துக்கு நான் கொடுத்த விலையைச் சொன்னால் வேறு யாருக்காவது பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

2019 கோடையில் நகரமே தண்ணீருக்குத் தவித்தபோது, எங்கள் வீட்டில் தலைக்குக் குளிப்பது முழுக்கப் போர் தண்ணீருக்கு மாறியது. ஓரிரு மாதங்களில் முடி நார்போல் ஆனது. சீப்பின் பற்களுக்கிடையே சாம்பல் நிறத்தில் பிசுக்கு சேர்ந்தது. தண்ணீரைச் சந்தேகிக்காமல் ஷாம்பூவைச் சந்தேகித்தேன். சல்ஃபேட் இல்லை, பாரபன் இல்லை, சிலிகான் இல்லை என்று முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருந்த, முன்பு வாங்கியதைவிட மூன்று மடங்கு விலையுள்ள ஒரு ஷாம்பூவை வாங்கினேன். அதன் பின்பக்கத்தை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான்காவது மாதத்தில் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் அரிப்பு தொடங்கியது. வியர்வையாக இருக்கும் என்று பவுடர் போட்டேன். பொடுகாக இருக்கும் என்று வேப்பெண்ணெய் தடவினேன். பிறகு கண் இமைகள் சிவந்து, தோல் உரிந்தது. ஷாம்பூ வழிந்து இறங்கும் பாதை முழுவதும்தான் சிவந்திருக்கிறது என்பதைத் தோல் மருத்துவர் ஒரே பார்வையில் சொன்னார். முதுகில் சிறுசிறு வில்லைகளாக மருந்துகளை ஒட்டி, 48 மணி நேரம் குளிக்காமல் வைத்திருந்து, எடுத்தபோது ஒரு முறையும் 96 மணி நேரம் கழித்து மறுமுறையும் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். ஒரே ஓர் இடம் மட்டும் பட்டாணி அளவுக்குத் தடித்துச் சிவந்திருந்தது. அந்த இடத்தில் வைத்திருந்த பொருள் மெத்தில்ஐசோதயசோலினோன்.

வீட்டுக்கு வந்து, அந்த விலை உயர்ந்த பாட்டிலைச் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன். பட்டியலின் கடைசிக்கு முந்தைய வரியில் அந்தப் பெயர் இருந்தது. ஷாம்பூவில் பாதிக்குமேல் தண்ணீர் என்பதால் ஏதாவது ஒரு பாதுகாப்புப் பொருள் இல்லாமல் அதை மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்க முடியாது. பாரபன் என்ற பாதுகாப்புப் பொருளைப் பற்றிய பயம் பரவியபோது, பல தயாரிப்பாளர்கள் அதை எடுத்துவிட்டு இந்த ஐசோதயசோலினோன் வகையைச் சேர்த்தார்கள். அதன் பிறகு உலகெங்கும் ஒவ்வாமை பெருகியது. அமெரிக்கத் தொடர்புத் தோலழற்சி மருத்துவர் சங்கம் 2013-இல் இதைத்தான் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. அதே சங்கம் 2019-இல் பாரபன்களை, ஒவ்வாமை மிக அரிதாகவே தருபவை என்று எடுத்துக்காட்ட, ஒவ்வாமை அல்லாத பொருளாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம், கழுவாமல் தோலிலேயே விடும் கிரீம்களில் மெத்தில்ஐசோதயசோலினோனை 2017 முதல் தடை செய்து, கழுவிவிடும் ஷாம்பூ போன்றவற்றில் 2018 முதல் 0.0015 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரையறுத்தது. பாரபன் இல்லை என்ற இரண்டு சொல்லுக்காக நான் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிவந்தது, என் தோலுக்கு ஆகாத அந்த ஒரு பொருளையே. எல்லோருக்கும் இது ஆகாது என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் காரணம் தெரியாத அரிப்பு காது, பிடரி, இமை என்ற வரிசையில் வந்தால், முதலில் இந்தப் பெயரையும், இதோடு சேர்ந்தே வரும் மெத்தில்குளோரோஐசோதயசோலினோன் என்ற பெயரையும் தேடுங்கள். அடுத்ததாக, ஃபார்மால்டிஹைடைச் சிறிது சிறிதாக வெளிவிடும் டிஎம்டிஎம் ஹைடான்டோயின், இமிடசோலிடினில் யூரியா ஆகியவற்றையும் பாருங்கள்.

பட்டியலை எப்படிப் படிப்பது என்பதை அதன் பிறகுதான் கற்றேன். நம் நாட்டு அழகுசாதன விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ளவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் எழுதலாம். எனவே முதல் ஐந்தாறு பெயர்கள்தான் பெரும்பாலும் அந்தப் பொருளின் உடம்பு. முன்பக்கத்தில் செம்பருத்திப் பூவும் கரிசலாங்கண்ணியும் பளபளவென்று படமாக இருக்கும். பின்பக்கத்தில் அவற்றின் சாறு வாசனைப் பொருளுக்கும் உப்புக்கும் பின்னால் நின்றுகொண்டிருக்கும். அந்த இடத்தில் இருக்கும் மூலிகை முடிக்குப் பெரிதாக எதையும் செய்யும் என்று நான் நம்பவில்லை. இன்னொன்று: 60 மில்லிக்குக் குறைவான திரவப் பொட்டலங்களில் இந்தப் பட்டியலை அச்சிடத் தேவையில்லை என்று விதியே விலக்கு அளித்திருக்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் வாங்குவது கடை வாசலில் சரமாகத் தொங்கும் பாக்கெட் ஷாம்பூவைத்தான். பாக்கெட்டில் ஷாம்பூ விற்கும் முறை கடலூர் சின்னி கிருஷ்ணன் போன்றவர்களால் தமிழ்நாட்டில் வேர்விட்டது. ஏழை வீடுகளுக்கும் ஷாம்பூவைக் கொண்டுசேர்த்த நல்ல காரியம் அது. ஆனால் அதை வாங்குபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை என்பது எனக்கு மனத்தை உறுத்துகிறது. ஒவ்வாமை இருப்பவர்கள் ஒரு முறையாவது அதே ஷாம்பூவின் பெரிய பாட்டிலைக் கடையில் எடுத்துப் படித்துவிட வேண்டும்.

அரிப்பு தீர்ந்தது, முடி நாராக இருந்தது மட்டும் தீரவில்லை. அப்போதுதான் தண்ணீரின் பக்கம் திரும்பினேன். இரண்டு காலி பாட்டில்களை எடுத்து, ஒன்றில் மெட்ரோ வாட்டரும் மற்றொன்றில் போர் தண்ணீரும் பாதியளவு ஊற்றி, குளியல் சோப்பைக் கத்தியால் சீவி ஒரே அளவு போட்டுக் குலுக்கினேன். முதல் பாட்டிலில் நுரை கழுத்துவரை எழும்பி நின்றது. இரண்டாவதில் நுரையே இல்லை. தண்ணீர் பால்போல் கலங்கி, மேலே தயிர் திரிந்ததுபோல் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. விரலில் எடுத்துத் தேய்த்தால், சீப்பில் நான் பார்த்த அதே பிசுக்கு. போர் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகின்றன. அந்தக் கசடுதான் என் தலையில் படிந்துகொண்டிருந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்றும் உள்ளது. கடலோரப் போர் தண்ணீர் பல தெருக்களில் இதையும் தாண்டிவிடுகிறது.

இந்தச் சோதனைக்குப் பிறகு என் அளவுகோலே மாறியது. சீயக்காய் என்று பெயர் போட்ட சோப்புக் கட்டிகளை முதலில் நிறுத்தினேன். பட்டியலில் சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று தொடங்கினால் அது சோப்புதான், உப்புத் தண்ணீரில் கட்டாயம் திரியும். மாறாக, நான் பயந்து ஒதுக்கிய சல்ஃபேட் வகை நுரைப்பொருளான சோடியம் லாரத் சல்ஃபேட் இந்தத் தண்ணீரிலும் திரியாமல் நுரைக்கிறது. அதைவிடக் கடுமையானது சோடியம் லாரில் சல்ஃபேட். இரண்டு பெயரும் ஒன்றுபோல் தெரிவதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். லாரத் வகை முதலிலும், அதன் கடுமையைத் தணிக்கும் கோகமிடோப்ரொப்பில் பீட்டெய்ன் அடுத்தடுத்த இடங்களிலும் இருக்கும் ஷாம்பூவை வாரம் இரண்டு முறை பயன்படுத்தி, எண்ணெய் வைக்கும் என் தலைக்கு எந்தக் கெடுதலும் காணவில்லை. இவற்றோடு டைசோடியம் இடிடிஏ அல்லது டெட்ராசோடியம் இடிடிஏ இருக்கிறதா என்று பார்ப்பேன். தண்ணீரின் சுண்ணாம்பைப் பிடித்துக் கட்டிவைக்கும் பொருள் அது. எங்கள் பகுதி ஆட்களுக்கு நான் பரிந்துரைக்கும் பெயர் ஒன்று உண்டென்றால் அதுதான். அதோடு, கடைசி இரண்டு சொம்பு மட்டும் மெட்ரோ வாட்டராக இருக்கட்டும். இந்தச் சிறு பழக்கம் தந்த பலனை நான் வாங்கிய எந்தப் பாட்டிலும் தரவில்லை.

அரைத்த சீயக்காயையும் ஓர் ஆண்டு முழுக்கப் பயன்படுத்தினேன். பாரிமுனைக்கு அருகே ராசப்பச் செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைகளில் சீயக்காய், பூலாங்கிழங்கு, வெந்தயம், பச்சைப்பயறு வாங்கி, காயவைத்து, மாவு மில்லில் கொடுத்து அரைத்தேன். சீயக்காயில் நுரை தரும் சபோனின் என்ற பொருள் சோப்பைப்போல் கசடு தட்டுவதில்லை, முடி மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் நைஸாகச் சலிக்காவிட்டால் பொடி முடியிடையே தங்கிவிடும். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. மில்லில் எங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்த ஒரு முறை, உச்சந்தலை இரண்டு நாள் காந்தியது. விடுமுறை நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

எண்ணெயில் தேட வேண்டியது எளிது. தேங்காய் எண்ணெய் என்று நாம் நினைத்து வாங்கும் பல நறுமணத் தைலங்களின் முதல் பெயர் லைட் லிக்விட் பாரஃபின், அதாவது கனிம எண்ணெய். அது கெடுதல் இல்லை, முடிக்கு வழவழப்புத் தரும். ஆனால் உள்ளே இறங்காது. தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக் அமிலம் முடியிழைக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அதைச் செய்யவில்லை என்றும் மும்பையில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. நான் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடவுகிறேன். வாங்கும்போது சமையல் எண்ணெய்க்குரிய பச்சைப் புள்ளியும் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வெறும் தேங்காய் எண்ணெய் என்பதற்கு நம்பத்தக்க அடையாளம் அது.

செட்டில் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால் என்ற பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை கொழுப்பு வகை, கண்டிஷனருக்குக் குழைவு தருபவை. டைமெத்திகோன் என்ற சிலிகான் சிக்கை எடுக்கிறது; என் மகளின் சுருட்டை முடிக்கு அது இல்லாமல் முடியாது. படிகிறது என்று தோன்றினால் அடுத்த குளியலில் நன்றாக ஷாம்பூ போட்டால் போய்விடுகிறது.

உண்மையாகவே அஞ்ச வேண்டியது சாயத்தில் இருக்கிறது. என் மாமியார் பல ஆண்டுகளாகக் கறுப்பு மருதாணி என்ற பெயரில் விற்கும் பொடியைப் பூசிவந்தார். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை நெற்றி வீங்கி, இரண்டு கண்களும் திறக்க முடியாமல் எழுந்தார். "மருதாணி தானேம்மா, அது இன்னா பண்ணும்?" என்று அந்த நிலையிலும் கேட்டார். மருதாணி இலை தனியாகச் செம்மைதான் தரும். அரை மணியில் கருகருவென்று ஆக்குவது அதில் கலந்திருக்கும் பாரா ஃபினைலின் டையமைன். எத்தனையோ முறை ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒரு நாள் திடீரென்று ஒவ்வாமை தரக்கூடியது அது. ஒரு முறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நீடிக்கும். சாயப் பெட்டிகளில் உள்ளூர் மொழியிலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது விதி. காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்புறத்திலோ சிறிது தடவி 24 மணி நேரம் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் கூடவே கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அத்தை அந்தப் பெட்டியை அத்தனை ஆண்டுகளும் கண்ணாடி போடாமல்தான் பிரித்திருக்கிறார். இப்போது அவர் தலை முழு வெண்மை, நன்றாகவே இருக்கிறது.

அழகு நிலையங்களில் முடியை நேராக்கும்போது கண்ணும் மூக்கும் எரிந்தால் உடனே எழுந்துவிடுங்கள். சில நேராக்கும் கலவைகளிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் இருக்கிறது. மெத்திலீன் கிளைக்கால் என்ற பெயரில் எழுதியிருந்தாலும் அதுவேதான்.

முடி உதிர்வைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2022-இல் கடுங்காய்ச்சல் வந்து மூன்று மாதம் கழித்து எனக்குக் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அதற்கு வாங்கிய எந்தத் தைலமும் வேலை செய்யவில்லை. ஆறேழு மாதத்தில் அது தானாகவே நின்று, முன்நெற்றியில் குட்டி முடிகள் முளைத்தன. காய்ச்சல், பிரசவம், இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றால் உதிரும் முடியைப் பட்டியலைப் படித்து நிறுத்த முடியாது. அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

நான்கு ஆண்டுகளாக ஒரே ஷாம்பூதான் வாங்குகிறேன். சென்ற மாதம் எங்கள் தெருக் கடையில் புதிய பாட்டிலை எடுத்தபோது, பெயரும் நிறமும் அப்படியே இருந்தாலும் மூடி மட்டும் வேறாக இருந்ததால், வழக்கம்போல் பின்பக்கத்தைக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி வரியில், பென்சோயேட் என்ற பாதுகாப்புப் பொருள் இருந்த இடத்தில், மெத்தில்ஐசோதயசோலினோன் வந்திருந்தது. அண்ணாச்சியிடம் விவரம் சொன்னேன். அவர் மேல்தட்டில் பின்னால் தள்ளி வைத்திருந்த பழைய மூடிப் பாட்டில்கள் இரண்டைத் துடைத்து எடுத்துக் கொடுத்தார். அவை தீர்வதற்குள் வேறொன்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.