‘ரீஃப் ரெடி’ தொட்டியில் மயில்துத்தம்: இறால், நத்தை வளர்ப்பவர்கள் கவனிக்கவும்

உப்புத் தண்ணீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள், அதிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியைக் கல், மணலோடு அப்படியே வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பம். பிப்ரவரியில் புதுச்சேரிக் கடை ஒன்றில் இரண்டடித் தொட்டியை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். “ஆறு மாசமா ஓடுது சார். சைக்கிள் எல்லாம் முடிஞ்சிருச்சு, இறால் நத்தை எது வேணா விடலாம்” என்றார் கடைக்காரர். சைக்கிள் என்றால், கழிவில் வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் வளர்ந்து நிலைப்பது. ‘ரீஃப் ரெடி’, அதாவது பவளம், இறால், நத்தை எல்லாம் விடத் தயார் என்று அட்டையே தொங்கியது. கல், மணல், பாதித் தண்ணீர், இரண்டு கிளவுன் மீன் என்று எல்லாவற்றையும் ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஒரு வாரம் மீன்கள் நன்றாக இருந்தன. அப்புறம் அதே கடையில் இரண்டு கிளீனர் இறால், ஐந்து டர்போ நத்தை, மூன்று சன்னியாசி நண்டு வாங்கினேன். அவசரப்படவில்லை. தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, ஒன்றரை மணி நேரம் பழக்கித்தான் விட்டேன்.

கிளீனர் இறாலுக்குச் சிவப்பு முதுகில் ஒரு வெள்ளைக் கோடு, நீளமான வெள்ளை மீசை. அன்று ராத்திரி என் மகள் தண்ணீருக்குள் விரலை வைத்தாள். ஒன்று மெல்ல ஏறி வந்து அவள் நகக்கண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தது. வெகுநேரம் அவள் கையை எடுக்கவே இல்லை. காலையில் பார்த்தால் கல்லுக்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடந்தது. “சட்டை உரிச்சிருக்குப்பா” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வலையில் எடுத்தபோது கனத்தது. உரித்த சட்டை கனக்காது.

அடுத்த மூன்று நாளில் மற்றதும் போனது. நத்தைகள் கண்ணாடியைப் பிடிக்க முடியாமல் மல்லாந்து விழுந்தன. நிமிர்த்தி வைத்தால் மறுபடியும் விழுந்தன. ஒரு நண்டு தன் சங்கை விட்டு வெளியே வந்து செத்துக் கிடந்தது. மீன்கள் இரண்டும் மட்டும் வழக்கம்போல் துள்ளிக்கொண்டிருந்தன.

கடைக்குப் போன் செய்தேன். நீங்கள் சாப்பாடு அதிகம் போட்டுவிட்டீர்கள் என்றார். இல்லை என்றதும், “உங்க கடலூர் தண்ணி சரியில்ல சார்” என்றார். நான் ஊற்றியது ஆர்ஓ தண்ணீரில் பாக்கெட் உப்பு கலந்தது. அதைச் சொன்னதும் அயோடின் குறைவு என்று ஒரு பாட்டிலையும், கூடவே இன்னும் இரண்டு இறாலையும் விற்றார். நம்பி வாங்கினேன். இரண்டே நாள்.

அளந்து பார்த்தால் அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. எதிலும் குறை இல்லை. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்த நண்பரிடம் சொன்னேன். “மீன் நல்லா இருக்கு, இறாலும் நத்தையும் மட்டும் சாகுதா? செம்பு பாரு” என்றார். செம்பு டெஸ்ட் கிட் வரவழைத்துப் பார்த்தேன். 0 இருக்க வேண்டிய இடத்தில், குழாயின் நிறம் அட்டையில் 0.25 கட்டத்தோடு பொருந்தியது.

நேரில் போனேன். முதலாளி இல்லை. வேலை பார்க்கும் பையன்தான் சொன்னான்: “அந்த வரிசை மீன் தொட்டிண்ணே. வெள்ளைப்புள்ளி நோய் வராம இருக்க துத்தம் போட்டுக்கிட்டேதான் இருப்போம்.” அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. கேட்டதும் உள்ளதைச் சொன்னான்.

நம் ஊர் விவசாயிகள் சுண்ணாம்போடு கலந்து பூஞ்சைக்கு அடிக்கிறார்களே, அதே மயில்துத்தம்தான், காப்பர் சல்பேட். வெள்ளைப்புள்ளி வந்த மீனுக்குத் தனித் தொட்டியில் அளந்து கொடுத்தால் அது நல்ல மருந்து. மீன் தாங்கும் அந்த அளவை இறால், நத்தை, நண்டு தாங்காது. இத்தனைக்கும் இறால், நண்டின் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதே செம்பு உள்ள ஒரு பொருள்தான். அந்தத் துளி செம்பு அதற்கு வேண்டும், ஆனால் தண்ணீரில் கொஞ்சம் கூடினாலும் செவுள் கெட்டுச் செத்துவிடும்.

முழுத் தண்ணீரையும் மாற்றினேன். டெஸ்டில் 0 வந்தது. நான்கு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் நிறம் ஏறியிருந்தது. சுண்ணாம்புத் தன்மையுள்ள கல்லும் மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆகவே தண்ணீர் மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல், மணல் இரண்டையும் தூக்கிப் போட்டேன். மீன்களை வேறு டப்பில் விட்டு, தொட்டியை வினிகர் ஊற்றிக் கழுவி, புதிதாக செராமிக் கல் வைத்து, ஐந்து வாரம் காத்திருந்து முதலில் ஒரே ஒரு நத்தையை விட்டேன். பத்து நாள் அது கண்ணாடியில் ஊர்ந்த பிறகுதான் இறால்.

பணத்தைக் கேட்டபோது “உயிருக்கு கேரண்டி கிடையாது சார்” என்றார் முதலாளி. நான் கேட்டது உயிருக்கு கேரண்டி இல்லை, மருந்து போட்ட தொட்டி என்பதை மறைத்ததற்குப் பதில். அதற்குப் பதிலாக, கடலில் எடுத்த பவளக்கல் தருகிறேன் என்றார். பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விற்றாலும் வாங்கினாலும் குற்றம். அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஓடுகிற தொட்டியை வாங்குவதானால், இதற்கு முன் என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டு, பதிலை பில்லில் எழுதி வாங்குங்கள். செம்பு டெஸ்ட் கிட்டைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே பாருங்கள். அதையும்விட எளிது ஒன்று உண்டு: நீங்கள் வாங்கப்போகும் அதே தண்ணீரில் உயிரோடு இறாலோ நத்தையோ ஓடுகிறதா என்று பாருங்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். அதே வரிசையில் ‘ரீஃப் ரெடி’ அட்டை இன்னும் தொங்குகிறது. எட்டுத் தொட்டியையும் நின்று பார்த்தேன். ஒரு நத்தைகூட இல்லை.