புதுச்சேரியில் சிபியூ கூலர் வாங்குகிறீர்களா? பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

புதுச்சேரியிலோ கடலூரிலோ கடைக்கு நேரில் போய் சிபியூ கூலர் (கணினியின் மூளையான பிராசசரைக் குளிர்விக்கும் விசிறி) வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பழைய சாக்கெட்டுக்கான (சாக்கெட் என்பது மதர்போர்டில் பிராசசர் அமரும் இடம்) கூலரின் பெட்டியில், புதிய சாக்கெட்டின் எண்ணான "1700" என்று ஸ்டிக்கர் ஒட்டி, புதிய பிராசசருக்குப் பொருந்தும் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி வேலை செய்கிறேன். என் கணினியில் இருப்பது இன்டெல் ஐ5-12400. அதனுடன் வந்த கூலரின் பிளாஸ்டிக் கால் ஒன்று உடைந்து, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. வைகாசி முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்திருந்த நேரம். இணையத்தில் வாங்கிக் காத்திருக்க முடியாமல், கணினியையே தூக்கிக்கொண்டு புதுச்சேரியில் ஒரு கடைக்குப் போனேன். பிராசசரின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதியே கொடுத்தேன். "இன்டெல் என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் மேடம், 1700 என்று போட்டிருக்கிறது பாருங்கள்" என்று பெட்டியைக் காட்டினார் கடைக்காரர். கூலருக்கு 1,450 ரூபாய், மாட்டித்தர 300 ரூபாய். மாட்டிய இடம் உள்ளறை. பில் கேட்டால் ஜிஎஸ்டி கூடும் என்று சொல்லி வெறும் எஸ்டிமேட் சீட்டு கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு பெரிய கோப்பைத் திறந்ததும் விசிறி அலறத் தொடங்கியது. வெப்பநிலை 100 டிகிரி. அந்த பிராசசர் தாங்கும் எல்லையே அதுதான். அதைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. இரண்டு கால்கள்தான் துளைக்குள் இருந்தன. மற்ற இரண்டையும் கேபிள் டை போட்டு மதர்போர்டோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். கூலரை எடுத்தேன். வெப்பத்தைக் கடத்த இடையில் வைக்கும் பேஸ்ட், பிராசசரின் ஒரு விளிம்பில் மட்டும் நசுங்கியிருந்தது. நடுவில் ட்யூபிலிருந்து பிதுக்கிய உருண்டை அப்படியே நின்றது.

காரணம் எளிது. எல்ஜிஏ 1150, 1151, 1155, 1200 ஆகிய பழைய இன்டெல் சாக்கெட்டுகளில் கூலர் மாட்டும் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர். 2021-இல் 12-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்களுடன் வந்த, என் 12400-உம் அமரும் எல்ஜிஏ 1700-இல் அது 78. பிராசசர் அமரும் உயரமும் சற்றுக் குறைவு. பழைய கூலர்களுக்கும் சில நிறுவனங்கள் 1700-க்கான தனி பிராக்கெட் (கூலரை மாட்டும் தாங்கி) தருகின்றன. அது இருந்தால் தாராளமாக வாங்கலாம். இந்தப் பெட்டியில் அது இல்லை. ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அடியில் அச்சாகியிருந்த சாக்கெட் பட்டியல் 1200-உடன் முடிந்துவிட்டது.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பேஸ்ட் பட்ட பொருளை எடுக்க மாட்டோம்" என்றார். பேஸ்ட் வைத்தது அவர் கடைப் பையன்! சுவரில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைக் காட்டினார். அந்தப் பலகையைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தராததும் முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகம். வாங்கியது புதுச்சேரியில் என்றாலும், நான் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது.

வாங்கும்போது சாக்கெட் எண் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். மாடல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் அங்கேயே நின்று தேடுங்கள். கேபினட்டுக்குள் எவ்வளவு உயரம் கொள்ளும் என்று முன்பே அளந்து வையுங்கள். உயரமான கூலரில் கதவு மூடாது. 12400 போன்ற 65 வாட் பிராசசருக்கு வாட்டர் கூலிங் வாங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், தகடுகளும் விசிறியும் கொண்ட நல்ல டவர் கூலர் ஒன்றே போதும். முக்கியமாக, உங்கள் கண் முன்னால் மாட்டச் சொல்லுங்கள். முழு வேலை கொடுத்து, வெப்பநிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்போது வேறு கூலர் மாட்டியிருக்கிறேன். எவ்வளவு வேலை கொடுத்தாலும் 70 டிகிரியைத் தாண்டவில்லை. அந்தக் கடையிலிருந்து பணம் இன்னும் வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். எஸ்டிமேட் சீட்டு, யுபிஐ ரசீது, உரித்த ஸ்டிக்கர், கேபிள் டையோடு எடுத்த படங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன. இதே போல ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி உங்களுக்கும் வந்திருந்தால் தூக்கிப் போடாமல் எனக்குத் தெரிவியுங்கள். சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.