ருத்தேனியம்–சிலிகோனா, பிளாட்டினம்–பாலிஸ்டைரீனா? ஆக்சிஜன் உணர் படலத்தில் எதை மாற்றுவது

ஆக்சிஜன் உணர் படலம் என்பது ஒளிரும் சாயம் கலந்த மெல்லிய பாலிமர் பூச்சு. ஆக்சிஜன் கூடக் கூட அதன் ஒளிர்வு அணையும், அதை வைத்தே ஆக்சிஜனை அளக்கிறோம். படலம் மங்கலாக ஒளிர்ந்தால் பலரும் முதலில் சாயத்தைக் கூட்டுவார்கள். பெரும்பாலும் வீண் வேலை. அளவு மிஞ்சினால் சாயம் திரண்டு, தன் ஒளிர்வைத் தானே அணைத்துக்கொள்ளும். உணர்திறனைத் தீர்மானிப்பவை இரண்டு: சாயத்தின் ஒளிர்வு ஆயுள் (ஒளி பட்டபின் ஒளிர்வு நீடிக்கும் நேரம்), பாலிமர் ஆக்சிஜனை உள்ளே விடும் வேகம்.

டைஃபீனைல்ஃபெனாந்த்ரோலின் ருத்தேனியம் என்ற சாயத்தின் ஆயுள் ஏறத்தாழ 5 மைக்ரோநொடி. அதற்குள் ஆக்சிஜன் வந்து மோத வேண்டுமென்றால் சிலிகோன் போன்ற திறந்த பாலிமர் தேவை. பென்டாஃப்ளூரோஃபீனைல் போர்பைரின் பிளாட்டினம் என்ற சாயத்துக்கு ஆயுள் 60 மைக்ரோநொடி. இறுக்கமான பாலிஸ்டைரீனே போதும். ஜோடியை மாற்றினால் இரண்டும் கெடும்: பாலிஸ்டைரீனில் ருத்தேனியத்தின் ஒளிர்வு ஆக்சிஜனுக்கு அவ்வளவாக அசையாது, சிலிகோனில் பிளாட்டினம் சாதாரணக் காற்றிலேயே பெருமளவு அணைந்துவிடும்.

செய்ய எளிது பிளாட்டினம்தான். பாலிஸ்டைரீன் 200 மி.கி., சாயம் 2 மி.கி., டொலுவீன் 1.8 கிராம். பாலியெஸ்டர் தாளில் 75 மைக்ரான் ஈரத் தடிமனில் இழுத்தால், காய்ந்தபின் 6 மைக்ரான் அளவில் நிற்கும். டொலுவீனுக்குப் பதில் குளோரோஃபார்ம் ஊற்றி, ஈரப்பதமான நாளில் பூசினால் படலம் வெளுத்துப்போகும்: வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் நீர் அதில் படிகிறது. 60 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள். மிச்சமிருக்கும் கரைப்பான் பாலிமரை இளக்கி, அளவுத்திருத்தத்தை (ஒளிர்வை ஆக்சிஜன் அளவாக மாற்றும் கணக்கை) நாளுக்கு நாள் நகர்த்தும்.

வெளிச்சம் இன்னும் வேண்டுமா? ஒளியைச் சிதறடிக்கும் வெள்ளைத் தூளான ரூட்டைல் டைட்டானியம் டையாக்சைடு சேர்க்கலாம், ஆனால் 505 நானோமீட்டர் பச்சை எல்.இ.டி.யோடு மட்டும். 395 நானோமீட்டரில் ரூட்டைலே ஒளியை விழுங்கிவிடும்.

ருத்தேனியத்தில் வேலை அதிகம். குளோரைடு உப்பு சிலிகோனில் கரையாது. எத்தனாலில் கரைத்து, சிலிகா தூளில் ஏற்றி, கழுவி உலர்த்தி, பிறகே சிலிகோனில் பிசைய வேண்டும். சிலிகாவில் சாயம் பலவகை இடங்களில் உட்காருவதால் அளவுத்திருத்தக் கோடு வளையும். ஆக்சிஜனை நீக்கிவிடும் சோடியம் சல்ஃபைட் கரைசலில் ஒரு புள்ளி, காற்றில் ஒரு புள்ளி என்று நிறுத்திக்கொண்டால் நடுவில் பிசகும். இடையில் இன்னும் இரண்டு புள்ளிகளாவது எடுங்கள். வெப்பநிலை ஏறினால் ஆக்சிஜனே இல்லாவிட்டாலும் ஒளிர்வு குறையும், அதனால் வெப்பமானியும் கூடவே வேண்டும். ஆயுளை அளக்கும் கருவியும் தன் விளக்கை 45 கிலோஹெர்ட்ஸில் துடிக்கவிட்டு ஓட வேண்டும். பிளாட்டினத்துக்கு 4, 5 கிலோஹெர்ட்ஸ் போதும், மலிவான சுற்றே சமாளிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிலிகோன் வெல்லும் இடம் ஒன்று உண்டு: ஆட்டோகிளேவ், அதாவது உயரழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலன். 121 டிகிரியில் பாலிஸ்டைரீன் இளகிவிடும், அது 100 டிகிரி வாக்கிலேயே தளர்ந்துவிடுகிறது. நொதிகலனுக்குள் வைப்பதென்றால் ருத்தேனியம்–சிலிகோன். மேசைமேல் நீர் மாதிரி அளப்பதென்றால் பிளாட்டினம்–பாலிஸ்டைரீன்.