காசநோய்க் கல்ச்சர்: முட்டை ஊடகமா, திரவக் குழாயா?

சளியைச் சிபிநாட் என்னும் மரபணுச் சோதனைக் கருவியில் போட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் காசநோய்க் கிருமி உண்டா, அதற்கு ரிஃபாம்பிசின் என்னும் முக்கியக் காசநோய் மருந்து வேலை செய்யுமா என்பது தெரிந்துவிடுகிறது. பிறகு எதற்கு வாரக்கணக்கில் கிருமியை வளர்த்துக்கொண்டிருக்க வேண்டும்? அந்தக் கருவி தேடுவது டி.என்.ஏ.வை. செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் அதில் பாசிட்டிவ் காட்டும். மாத்திரை சாப்பிட்டு வருபவரின் நெஞ்சில் உயிருள்ள கிருமி மிச்சம் இருக்கிறதா என்று தெரிய, வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதைத்தான் கல்ச்சர் என்கிறார்கள்.

எதில் வளர்ப்பது என்பதில்தான் போட்டி. ஒரு பக்கம் லோவன்ஸ்டைன்–ஜென்சன் ஊடகம், அதாவது கிருமி வளர முட்டையில் செய்த திடமான சத்துப் பரப்பு; ஆய்வகங்களில் எல்.ஜே. என்றால் போதும். மறுபக்கம் எம்.ஜி.ஐ.டி. என்னும் திரவக் குழாய்.

எல்.ஜே. தயாரிப்பது ஏறக்குறைய சமையல் வேலை. புது முட்டைகளைக் கழுவி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, உடைத்து அடித்து, வலைத்துணியில் வடிகட்டுவார்கள். தாது உப்புக் கரைசல், கிளிசரால், மாலகைட் பச்சைச் சாயம் சேரும். சிறு பாட்டில்களில் ஊற்றிச் சாய்த்து வைத்து 80–85 டிகிரியில் முக்கால் மணி நேரம் போல இறுகவிட்டால் பச்சைச் சரிவு தயார். அந்தச் சாயம் அழகுக்கு அல்ல. வேண்டாத பாக்டீரியாவை அடக்கி வைப்பது அதுதான். கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் அந்த முட்டை உதவாது. அதன் எச்சமே காசநோய்க் கிருமியையும் முளைக்கவிடாமல் செய்துவிடலாம்.

எம்.ஜி.ஐ.டி. குழாயில் 7 மி.லி. சத்துத் திரவம். அடியில் சிலிக்கோனில் பதித்த ஒளிரும் வேதிப்பொருள். ஆக்சிஜன் இருக்கும்வரை அது ஒளிராது. கிருமி பெருகி ஆக்சிஜனைத் தீர்க்கத் தீர்க்க, புற ஊதா ஒளியில் மின்னத் தொடங்கும். கருவி மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு குழாயையும் பார்த்துக்கொண்டே இருக்கும்.

வேகத்தில் திரவம்தான் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிக்கும். காசநோய்க் கிருமிக்கு 18 முதல் 24 மணி நேரம் ஆகும். எல்.ஜே.யில் கண்ணுக்குக் காலனி தெரிய மூன்று, நான்கு வாரம்; நெகட்டிவ் என்று எழுத எட்டு வாரம். எம்.ஜி.ஐ.டி. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் சொல்லிவிடும். நெகட்டிவுக்கு 42 நாள். வளர்ந்த கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்ற சோதனையில் இடைவெளி இன்னும் பெரிது: எல்.ஜே. முறையில் 42 நாள் வரை, திரவத்தில் 4 முதல் 13 நாள். தவறான மருந்தை விழுங்கிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு இந்த வாரங்கள் உயிர்ப் பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் திரவ முறையைப் பரிந்துரைத்ததற்கு இந்த வேகம் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அந்த பாசிட்டிவ் எதைச் சொல்கிறது? குழாயில் ஏதோ ஒன்று ஆக்சிஜனைத் தின்றிருக்கிறது, அவ்வளவுதான். வாயிலிருந்து வந்த சாதாரண பாக்டீரியாவாக இருக்கலாம்; காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் காசநோய் தராத வேறு மைக்கோபாக்டீரியமாக இருக்கலாம்; இரண்டும் கலந்தும் இருக்கலாம். அதனால் ஒரு துளியைக் கண்ணாடியில் பூசி (ஸ்மியர்) சாயமேற்றிப் பார்க்க வேண்டும், சாதாரண பாக்டீரியா முளைக்கிறதா என்று இரத்த அகார் தட்டில் ஓர் இரவு வைத்துப் பார்க்க வேண்டும், காசநோய்க் கிருமியின் புரதத்தைக் காட்டும் எம்.பி.டி.64 பட்டையில் சோதிக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் கலப்படம் தப்பிவிட வாய்ப்புண்டு.

திடப் பரப்பு இங்கேதான் பதில் சொல்கிறது. ஒவ்வொரு காலனியும் தனித்தனியாக நிற்கும். வெளிர் மஞ்சள் நிறத்தில், வறண்டு, காலிஃபிளவர் பூப்போல முடிச்சு முடிச்சாக இருந்தால் காசநோய்க் கிருமி என்று பழகிய கண் ஊகித்துவிடும். பக்கத்தில் வழவழவென்று ஆரஞ்சு நிறத்தில் ஒன்று இருந்தால் வேறு இனமும் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ராபர்ட் கோக் 1882 மார்ச் 24-இல் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்தபோதும், சூட்டில் இறுகிய இரத்த சீரத்தின் மேல் பிரித்தெடுத்த தூய வளர்ப்புதான் அவர் கையிலிருந்த வலுவான ஆதாரம்.

வேறு பாக்டீரியா புகுந்து அசுத்தமாவதும் எல்.ஜே.யில் குறைவு: 3–5 சதவீதம் வரை இயல்பு என்று ஏற்கிறார்கள், திரவத்தில் 8–10. சளியைச் சோடியம் ஹைட்ராக்சைடில் இன்னும் கடுமையாகக் கழுவினால் இது குறையும். ஆனால் காசநோய்க் கிருமியும் கூடவே சாகும். விலையிலும் எல்.ஜே. மலிவு.

என் தீர்ப்பு இது. நோயாளிக்கு முதலில் திரவம். மருந்து எதிர்ப்பு சந்தேகம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் அதே சளி மாதிரியை ஓர் எல்.ஜே. சரிவிலும் போட வேண்டும். சில கிருமிகள் இரண்டில் ஒன்றில் மட்டுமே முளைக்கும். ஆராய்ச்சிக்கென்று கிருமியைச் சேமிப்பவர் திரவக் குழாயிலிருந்து நேராக எடுத்து உறையவைக்கக் கூடாது. திட ஊடகத்துக்கு மாற்றி, ஒற்றைக் காலனியிலிருந்து வளர்த்ததைத்தான் தூய வளர்ப்பு என்று நம்பலாம்.

நோயாளியும் வீட்டாரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிப்போர்ட்டில் ‘கன்டாமினேட்டட்’ (அசுத்தமாகிவிட்டது) என்று வந்தால் அது நெகட்டிவ் அல்ல, பாசிட்டிவும் அல்ல. வாயைக் கொப்பளித்துவிட்டு, காலையில் ஆழமாக இருமி எடுத்த சளியை மறுபடி கொடுங்கள். உடனே கொண்டுபோக முடியாவிட்டால் குளிரில் வைத்து அனுப்புங்கள்.